முத்திரைத் தேதிக்கு முன்னாடி ஒரு கார்டு: கடலூர் தராசுக் கடை ஒண்ணோட நிகழ்வு ஆய்வு

எங்க கடை கடலூர் திருப்பாப்புலியூர்ல, பாடலீஸ்வரர் கோயில்லேருந்து ரெண்டு தெரு தள்ளி. தராசு சர்வீஸ். எலக்ட்ரானிக் தராசு, பிளாட்பாரம் தராசு, படிக்கல், இன்னும் அங்கங்க உயிரோட இருக்கிற மேசைத் தராசு, எல்லாத்தையும் ரிப்பேர் பண்ணி ஸ்டாம்பிங்குக்கு, அதாவது தராசு சரியா இருக்குன்னு அரசாங்கம் போடற முத்திரைக்கு, ரெடி பண்ணிக் குடுக்கிற லைசென்ஸ் எங்ககிட்ட இருக்கு. 1988ல அப்பா ஆரம்பிச்சது, 2014ல அப்பா தவறினதுக்கு அப்புறம் நான் பாத்துக்கிறேன். இந்தக் கடைக்கும் கஸ்டமருக்கும் இருந்த பழக்கம் கையால எழுதின போஸ்ட் கார்டுல எப்படி நின்னுச்சு, நான் அதை விட்டதும் என்ன ஆச்சு, மறுபடி எடுத்தப்ப எங்கெங்க தப்பு பண்ணேன்னு முழுசா எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன். சின்னத் தொழில் பண்றவங்க யாராவது படிச்சு, நான் பட்டதை அவங்க படாம இருந்தா அதுவே எனக்குப் போதும்.

மொதல்ல எங்க தொழிலோட ஒரு கஷ்டத்தைச் சொல்லிடறேன், அது புரிஞ்சாத்தான் மத்தது புரியும். எலக்ட்ரானிக் தராசுன்னா வருஷத்துக்கு ஒரு தடவை முத்திரை போடணும், படிக்கல்லு மேசைத் தராசுன்னா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. தமிழ்நாட்டுல இதை தொழிலாளர் துறைதான் பாக்குது. ஈய முத்திரையில வருஷத்தோட கடைசி ரெண்டு நம்பரும் ஏ, பி, சி, டின்னு ஒரு எழுத்தும் இருக்கும், ஏ எழுத்துன்னா ஜனவரிலேருந்து மார்ச் வரைக்கும், டி எழுத்துன்னா அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும். அந்தக் காலாண்டு தாண்டினா கூடுதல் கட்டணம், முத்திரை இல்லாத தராசுல வியாபாரம் பண்ணி மாட்டினா 2009 எடையளவுச் சட்டம் வந்தப்ப அதுல எழுதியிருந்த அபராதம் 2,000லேருந்து 10,000 வரைக்கும். ஆக, கடைக்காரருக்கு எங்க ஞாபகம் வர்றது வருஷத்துல ஒரே ஒரு வாரம். மிச்சம் 51 வாரம் நாங்க யாருன்னே தெரியாது. அந்த ஒரு வாரத்துல வேற ஒருத்தர் கடை வாசல்ல பையோட வந்து நின்னாருன்னா வேலை அவருக்குத்தான். ரேட்டும் எல்லார்கிட்டயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அப்ப, ஏன் நம்மளக் கூப்பிடணும்? இந்தக் கேள்விக்கு அப்பா கண்டுபிடிச்ச பதில்தான் கார்டு.

அப்பாவோட முறை

அப்பா தினம் காலையில கடை திறந்ததும் சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏத்திட்டு ஆறு கார்டு எழுதுவாரு. அதுக்கு மேல எழுத மாட்டாரு, கொறைக்கவும் மாட்டாரு. 14 சென்டிமீட்டருக்கு 9 சென்டிமீட்டர் அட்டை, அட்ரஸ் எழுதின பக்கத்துல பாதியும் கூட நமக்குத்தான், அதுல என்ன பெருசா எழுதிட முடியும்? மேல "நலம்"னு ஒரு வார்த்தை, ரெண்டாவது வரியில தராசோட விவரமும் முத்திரை முடியிற தேதியும், மூணாவதா ஒரு வரி, அவ்ளோதான். பிள்ளையார் சுழி போட மாட்டாரு, ஏன்னா ஓல்டு டவுன்ல பாய் கடைங்க நிறைய, மஞ்சக்குப்பத்துல கிறிஸ்துவங்க கடை இருக்கு, எல்லாருக்கும் பொதுவா "நலம்" போதும்பாரு.

அந்த மூணாவது வரிதான் விஷயமே. ஆனா அது எனக்குப் புரிய பல வருஷம் ஆச்சு.

அப்பாகிட்ட ஒரு நீளமான கணக்கு நோட்டு இருக்கும், செகப்பு காலிகோ அட்டை போட்டது, ஒரு கடைக்கு ஒரு பக்கம். இடது பக்கம் மெஷின் கம்பெனி, எத்தனை கிலோ கெப்பாசிட்டி, சீரியல் நம்பர், முத்திரைக் காலாண்டு. வலது பக்கம் ஒவ்வொரு தடவை போயிட்டு வந்ததும் பென்சில்ல ஒரு வரி. "மூத்த பொண்ணு நர்சிங் சேந்திருக்கு." "முதலாளிக்கு முட்டி வலி, மாடி ஏற மாட்டாரு, பில்லை கீழயே குடுக்கணும்." "கல்லாவ கிழக்கு பாத்து மாத்திட்டாங்க." "கணக்கு எழுதுற தம்பி புதுசு, சாதுவான பையன்." நான் அதையெல்லாம் அப்பாவோட பொழுதுபோக்குன்னுதான் நினைச்சேன். இடது பக்கத்தை மட்டும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு நோட்டைப் பரண்ல போட்டுட்டேன்.

நான் விட்டது

2014லேருந்து 2018 வரைக்கும் ஒரு கார்டு கூடப் போகல. மொதல்ல எஸ்எம்எஸ், அப்புறம் வாட்ஸ்அப்ல பிராட்காஸ்ட். தேதி வந்தா தானா மெசேஜ் போகும், அழகா ஒரு தராசுப் படம், கீழ கடை நம்பர். எனக்குப் பெருமையா இருந்துச்சு. அப்பா காலத்துல நோட்டுல 430 கடை. நாலு வருஷம் கழிச்சு உக்காந்து எண்ணிப் பாத்தா திரும்பத் திரும்ப வர்றவங்க 270 தான். யாரும் சண்டை போட்டுப் போகல, குறை சொல்லியும் போகல, சும்மா வராம நின்னுட்டாங்க. இது எவ்ளோ மோசம்னா, போனது யாரு எப்பன்னே எனக்குத் தெரியல.

2018ல பண்ருட்டி பக்கம் ஒரு முந்திரிக் கம்பெனிக்கு வேற வேலையாப் போனேன். அப்பா காலத்துக் கஸ்டமர், இப்ப வேற ஆள்கிட்ட பாக்குறாரு. மேசை மேல பில்லு குத்தி வைக்கிற கம்பி இருக்குமே, அது நிறைய பேப்பர். முதலாளி என்னைப் பாத்ததும் "வாப்பா"ன்னு உக்கார வச்சிட்டு, அந்தக் கம்பிலேருந்து ஒவ்வொண்ணா உருவிக்கிட்டே வந்து அடியில இருந்த அப்பாவோட கார்டு ஆறேழ எடுத்து மேசையில வச்சாரு. நடுவுல ஓட்டை, ஓட்டையச் சுத்தி துரு. "இது வந்துச்சுன்னா மேனேஜர்கிட்ட குடுத்துருவேன், அவரு தராசத் தொடச்சு வச்சிருவாரு, நாலு நாள்ல உங்கப்பா வந்துருவாரு. நீ ஏதோ மெசேஜ் போட்டியாமே, எந்த நம்பருக்கு வந்துச்சோ தெரியலப்பா"ன்னாரு.

அதுல ஒரு கார்டு 2012 ஜனவரி. தானே புயல் அடிச்சது 2011 டிசம்பர் 30 விடியக்காலையில. எங்க ஊருக்காரங்களுக்கு அதைப் பத்தி சொல்ல வேண்டியதில்ல, பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்பும் பலாவும் வேரோட சாஞ்சு கிடந்துச்சு, பல ஊர்ல நாள் கணக்கா கரண்ட் இல்ல, போன் இல்ல. அப்ப அப்பா எழுதினது இது, அப்படியே எழுதறேன்:

"நலம். தோப்பு சாஞ்சுட்டதாக் கேள்விப்பட்டேன், மனசு கஷ்டமா இருக்கு. தராசு நனைஞ்சிருந்தா சுவிட்ச் போட வேண்டாம். பேட்டரி ஒயரைக் கழட்டிட்டு நிழல்ல காய வைங்க. கரண்ட் வந்ததும் வரேன். இந்த வருஷக் கூலி அடுத்த மகசூலுக்கு."

நனைஞ்ச போர்டுல கரண்ட் பாஞ்சா அவ்ளோதான், காய வச்சு துடைச்சா பாதிக்குப் பாதி பொழைச்சிடும், அது எங்க தொழில்ல இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஆனா போன் போகாத நேரத்துல அதை ஒருத்தருக்குத் தெரிய வைக்கணும்னு தோணி, தபால் போய்ச் சேருமான்னு கூடத் தெரியாம எழுதிப் போட்டிருக்காரு பாருங்க. கடைசி வரிய நான் ரெண்டு மூணு தடவை படிச்சேன். சாஞ்ச மரத்த எடுத்துட்டு புதுக் கன்னு வச்சு காய்ப்புக்கு வர வருஷக் கணக்காகும், அது அப்பாவுக்குத் தெரியாம இல்ல. முதலாளி 2013லயே அந்தக் கூலிய குடுத்துட்டாராம். கார்டை மட்டும் கழட்டல.

வீட்டுக்கு வந்து பரண்லேருந்து நோட்டை எடுத்தேன்.

மறுபடி ஆரம்பிச்சது, ரெண்டு பெரிய தப்பு

2019 ஜனவரியில ஆரம்பிச்சேன். என் கையெழுத்து கோழி கெளறின மாதிரி இருக்கும், அதனால அக்கா பொண்ணை உக்கார வச்சேன், அது எழுத்து முத்து முத்தா இருக்கும். ஒரே நாள்ல 60 கார்டு. எல்லாத்துலயும் "நலம்", தேதி, அப்புறம் "தங்கள் குடும்பம் நலமுடன் வாழ வேண்டுகிறோம், தங்கள் ஆதரவுக்கு நன்றி". லாரன்ஸ் ரோட்டுல பக்கத்துப் பக்கத்துல நாலு கடைக்கு ஒரே நாள்ல கார்டு போய்ச் சேந்துச்சு. சாயங்காலம் டீ குடிக்கிற இடத்துல நாலு பேரும் எடுத்துப் பாத்துக்கிட்டாங்க. மறுநாள் அரிசி மண்டி அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நாலு பேருக்கும் ஒரே கார்டு. அச்சடிச்சிருக்கலாமே, பாவம் அந்தப் புள்ளைக்குக் கை வலிச்சிருக்கும்"னாரு. அவரு கோவமா சொல்லல, அன்பாத்தான் சொன்னாரு, எனக்குத்தான் மூஞ்சி வாடிப் போச்சு. அந்த 60ல வேலை வந்தது 11. வாட்ஸ்அப் மெசேஜுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான் வந்துக்கிட்டிருந்துச்சு.

இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சப்ப ரெண்டு மூணு விஷயம் கண்ணுல பட்டுச்சு. ராண்டி கார்னர்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2005ல வெளியிட்ட சோதனை ஒண்ணு: ஒரு கேள்வித்தாளை மூணு விதமா அனுப்பினாரு. சும்மா அனுப்பினதுக்கு நூத்துக்கு 36 பேர் பூர்த்தி பண்ணித் திருப்பி அனுப்பினாங்க, மேல் தாள்லயே கையால ரெண்டு வரி எழுதினதுக்கு 48 பேர், அதே வரிய ஒட்டுற மஞ்சச் சீட்டுல எழுதி ஒட்டினதுக்கு 75 பேர் பக்கம். யாரோ ஒருத்தர் எனக்காக மெனக்கெட்டிருக்காங்கன்னு தெரிஞ்சா நமக்கும் சும்மா இருக்க மனசு வராது, அதான் காரணம்னு சொல்றாங்க. நல்லா கவனிங்க, கையெழுத்து மட்டும் 36லேருந்து 48க்குத்தான் கொண்டு போச்சு, தனியா ஒரு சீட்டு எடுத்து ஒட்டின மெனக்கெடல்தான் மிச்சத்தைக் கொண்டு வந்துச்சு. என்னோட 60 கார்டுல கையெழுத்து இருந்துச்சு, மெனக்கெடல் அக்கா பொண்ணோடது, எனக்கு அதுல பங்கே இல்ல.

இதுக்கு நேர் எதிரா ஒரு உதாரணமும் இருக்கு, அதையும் சொல்லணும். ஜோ ஜிரார்டுன்னு அமெரிக்காவுல ஒரு செவர்லே கார் சேல்ஸ்மேன், மாசம் 13,000 கார்டு கஸ்டமருக்கு அனுப்புவாராம், எல்லாத்துலயும் ஒரே வாசகம், அச்சடிச்சது, "எனக்கு உங்களைப் பிடிக்கும்". 1973ல மட்டும் 1,425 கார் வித்திருக்காரு. அவருக்கு ஒரே வாசகம் வேலை செஞ்சுது, எனக்கு ஏன் செய்யல? நான் ரொம்ப யோசிச்சு வந்த முடிவு, அவரோட கஸ்டமருங்க ஊர் பூரா சிதறிக் கிடந்தாங்க, ஒருத்தர் கார்டை இன்னொருத்தர் பாக்க வழியில்ல. நம்ம கடைத்தெருவுல நாலு கடையும் ஒரே டீக்கடையில நிக்குது. இங்க ஒரே வரிய நாலு பேருக்கு எழுதினா அது நோட்டீஸ்தான்.

ரெண்டாவது தப்பு இதை விடப் பெருசு. துறைமுகத்துல மீன் ஏலம் எடுக்கிற அம்மா ஒருத்தங்க, அப்பா காலத்துலேருந்து வர்றவங்க. கடல் காத்துக்கு அங்க இருக்கிற தராசு ஒரு வருஷம் தாங்கினாலே பெரிய விஷயம், திறந்தா கனெக்டர் பூரா பச்சையா களிம்பு புடிச்சிருக்கும், லோடு செல்லோட, அதாவது எடைய உணர்ற பாகத்தோட, திருகாணி துருப்புடிச்சுப் பொடிப்பொடியா கொட்டும். ஒரு தடவை லோடு செல்லே மாத்தினேன், 3,400 ரூபா, அஞ்சு மாசமா பாக்கி. 2019 ஜூலையில ஸ்டாம்பிங் கார்டு எழுதும்போது கீழ மரியாதையாத்தான் எழுதினேன், "பாக்கி ரூ.3,400 சௌகரியப்பட்டபோது தரவும்".

அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தபால்காரர் கொண்டு வந்து குடுத்ததும் எப்பவும் போல ஏலக் கூடத்துல வேலை செய்ற பையன் கார்டை வாங்கி எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சத்தமாப் படிச்சிருக்கான், அப்பாவோட கார்டையெல்லாம் அப்படித்தான் படிப்பாங்களாம், எல்லாரும் நின்னு கேப்பாங்களாம். என் கார்டையும் அப்படியே படிச்சான். அன்னைக்கு சாயங்காலமே ஒரு பையன் வந்து 3,400 ரூபாய எண்ணி வச்சிட்டு, அந்தக் கார்டையும் மேல வச்சிட்டுப் போனான். ஒரு வார்த்தை இல்ல. மறுநாள் ஓடினேன். கையக் கட்டிக்கிட்டு நின்னு "தப்புதாம்மா, மன்னிச்சிடுங்க"ன்னேன். "காசு வந்துச்சுல்ல?"ன்னு கேட்டுட்டு கூடையைப் பாக்கத் திரும்பிட்டாங்க.

அப்பா நோட்டுல அவங்க பக்கத்தை அப்புறம் பாத்தேன். மொத வரியே "கார்டை யாராச்சும் படிச்சுக் காட்டணும்"னுதான் இருக்கு. நான் நோட்டை எடுத்தேனே தவிர அந்தப் பக்கத்தைப் புரட்டல.

போஸ்ட் கார்டு திறந்த கடுதாசி. தபால்காரர் படிப்பாரு, கல்லாவுல இருக்கிறவர் படிப்பாரு, பையன் படிப்பான். பணம், பாக்கி, தகராறு, வியாதி, இதெல்லாம் அதுல எழுதவே கூடாது. பாக்கி கேக்கணும்னா போன் பண்ணு, இல்ல நேர்ல போ. இப்ப அதுக்குன்னு கவர் வச்சிருக்கேன், ஆனா கவர்ல கூட பாக்கி எழுதறதில்ல.

சரி பண்ணிக்கிட்டது

அதுக்கப்புறம் ஒரு வருஷம் கார்டே எழுதல, நோட்டைத்தான் எழுதினேன். எந்தக் கடைக்குப் போனாலும் வண்டியில ஏறுறதுக்கு முன்னாடி வலது பக்கத்துல ஒரு வரி. மொதல்ல என்ன எழுதறதுன்னே தெரியாது, "நல்லா இருக்காங்க"ன்னு எழுதிட்டு வந்துருவேன். போகப் போகத்தான் கண்ணு திறந்துச்சு. ஒரு ஜவுளிக்கடைல பட்டு நூல் எடை போடுற சின்னத் தராசு, அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு ஃபேன் காத்து படாம பாத்துக்கிறாரு முதலாளி, இந்த ஊர்ல வேற யாரும் அப்படிச் செஞ்சு நான் பாத்ததில்ல. அவருக்கு அடுத்த வருஷம் எழுதின வரி, "உங்க கண்ணாடிப் பெட்டி யோசனைய நாலு கடைக்கு சொல்லியிருக்கேன்". அதைப் பாத்துட்டு அவரே கடைக்கு வந்துட்டாரு, தராசை மடியில வச்சுக்கிட்டு ஆட்டோவுல.

அமெரிக்காவுல கேம்பெல் சூப் கம்பெனிய 2001லேருந்து 2011 வரைக்கும் நடத்தின டக்ளஸ் கோனன்ட் தினம் பத்து இருபது சீட்டு ஆளுங்களுக்குக் கையால எழுதுவாராம், பத்து வருஷத்துல 30,000 ஆச்சுன்னு சொல்லியிருக்காரு. அந்த எண்ணிக்கையத்தான் எல்லாரும் பெருசாப் பேசுறாங்க. எனக்கு முக்கியமாப் பட்டது வேற, யாரு எங்க என்ன நல்ல வேலை செஞ்சாங்கன்னு தேடி எடுத்துட்டு வரவே அவரு ஆளு வச்சிருந்தாரு. எழுதறதுக்கு முன்னாடி தேடல். அப்பாவுக்கு ஆளு இல்ல, பென்சில் இருந்துச்சு.

காலத்தையும் மாத்திக்கிட்டேன். முன்னாடி முத்திரை முடியிறதுக்கு இருவது நாள் முன்னாடின்னு எல்லாருக்கும் ஒரே கணக்கு வச்சிருந்தேன். முந்திரி சீசன்ல, அதாவது மார்ச் ஏப்ரல்ல, கொட்டை வந்து குவியும்போது, மூட்டை மூட்டையா எடை ஓடிக்கிட்டிருக்கும்போது தராசைக் கழட்டுன்னு கார்டு போட்டா யாரு சந்தோஷப்படுவா? அவங்களுக்கு இப்ப ஜனவரியிலயே போயிடுது, கொஞ்சம் முன்னாடியே முத்திரை போட்டாலும் நட்டம் இல்ல. துறைமுகத்துக்கு நம்ம கரையில ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம், ஏலக் கூடம் பாதி காலியா இருக்கும், அதனால மார்ச் கடைசியில கார்டு. இது தெரிஞ்சவன் எழுதின கார்டுன்னு தேதியப் பாத்தாலே புரியணும்.

ஒரு விஷயம் நான் எதிர்பாக்காதது. குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு மளிகைக் கடைக்கு கார்டு போனப்ப அங்க இருந்த பாட்டி பதறிப் போயிட்டாங்களாம். பல வருஷமா வீட்டுக்குப் போஸ்ட் கார்டு வந்தா கருப்புக் கரை போட்ட காரியக் கார்டுதான், யாரு செத்துட்டாங்களோன்னு நெஞ்சுல கை வச்சுக்கிட்டாங்களாம். அதுலேருந்து பெருசுங்க இருக்கிற வீட்டோட ஒட்டின கடைக்கெல்லாம் நாலு மூலையிலயும் மஞ்சள் தொட்டு வைக்கிறேன், கல்யாணப் பத்திரிகைக்குத் தொடற மாதிரி. மஞ்சளைப் பாத்ததும் நல்ல சேதின்னு தெரிஞ்சிடும். யாருக்கு மஞ்சள், யாருக்கு வேண்டாம்னும் நோட்டுல குறிச்சிருக்கு.

கார்டை இப்ப நானேதான் எழுதறேன், கோழி கெளறல்லதான். பேர், தேதி, அட்ரஸ் மட்டும் நிதானமா எழுதறேன், பின்கோடு கட்டம் தப்பாம. காலையில ஆறு கார்டு. எழுத உக்காரும்போது இன்னும் கூச்சமா இருக்கும், "இதைப் போய் எழுதறோமே, என்ன நினைப்பாங்க"ன்னு. 2018ல அமித் குமார், நிக்கலஸ் எப்ளின்னு ரெண்டு பேர் இதையேதான் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, நன்றிக் கடிதம் எழுதறவங்க படிக்கிறவருக்கு சங்கடமா இருக்கும்னு அதிகமாக் கணக்குப் போடறாங்க, அவருக்கு வர்ற சந்தோஷத்தைக் கம்மியாக் கணக்குப் போடறாங்கன்னு. அதைப் படிச்சதுலேருந்து கூச்சம் வந்தா வரட்டும்னு விட்டுட்டு எழுதிடறேன்.

கஸ்டமருக்கு மட்டும் இல்ல. கோயம்புத்தூர்லேருந்து எங்களுக்கு லோடு செல் அனுப்பற இடத்துல பார்சல் கட்டுற ஒரு அண்ணன், கனெக்டருக்குத் தனியா துணி சுத்தி வைப்பாரு, அதனால ஒரு செல் கூட உடைஞ்சு வந்ததில்ல. அவருக்குன்னு ஒரு கார்டு போட்டேன், முதலாளிக்குப் போடல, பார்சல் கட்டுறவருக்கு. அதுலேருந்து அவசரம்னா அவரே போன் பண்ணி "அண்ணே, ரெண்டு பீஸ் எடுத்து வச்சிருக்கேன்"ங்கறாரு. ஆனா முத்திரை போடுற ஆபீசருங்க யாருக்கும் நான் நன்றிக் கார்டு எழுதறதில்ல, எழுதவும் மாட்டேன். அவங்க வேலை தராசு சரியா இருக்கான்னு பாக்கறது, என் வேலை சரியா வச்சுக் குடுக்கறது. அங்க போய் நயமா ரெண்டு வரி எழுதினா அதுக்கு வேற அர்த்தம் வந்துடும்.

கணக்கு

2023 கடைசியில எண்ணினப்ப திரும்ப வர்றவங்க 340. முழுக்க கார்டாலன்னு சொன்னா அது பொய். அந்த இடைவெளியில பக்கத்துல இருந்த ஒரு சர்வீஸ் கடைய மூடிட்டாங்க, நான் 20 கிலோ சோதனைக் கல்லெல்லாம் ஏத்திட்டுப் போக ஒரு வேன் வாங்கினேன், ரெண்டும் உதவியிருக்கு. நான் நிச்சயமா சொல்லக்கூடியது வேற. முன்னாடி ஒருத்தர் போனா போனதே தெரியாது. இப்ப போனா காரணம் தெரியுது, ஏன்னா சொல்லிட்டுப் போறாங்க. "தம்பி, மச்சான் பையன் இதே தொழில் ஆரம்பிச்சிருக்கான், அவனுக்குக் குடுக்கணும், தப்பா நினைக்காதே"ன்னு போன் பண்ணிச் சொன்னவரு இருக்காரு. அவருக்கும் வருஷா வருஷம் கார்டு போகுது, தராசு வரி இல்லாம.

சின்னப் பசங்க நடத்துற கடைங்க விஷயத்துல கார்டு பெருசா எடுபடலங்கறதையும் ஒத்துக்கணும். தபால் வந்தா மேசையிலயே கிடக்குது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையக் கடந்து, அடுத்த ரெண்டு நாள்ல சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணையில வந்து கரையோர ஊரெல்லாம் மூழ்கினப்ப, அப்பாவோட பழைய வரியத்தான் எழுதினேன், சுவிட்ச் போடாதீங்க, பேட்டரி ஒயரைக் கழட்டுங்க. தபாலுக்குக் காத்திருக்க முடியாதுன்னு கார்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்லயும் அனுப்பினேன், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா. இளவட்டங்க அதுக்கு உடனே பதில் போட்டாங்க, ஒரு பையன் "அண்ணே, அந்தக் கார்டையும் அனுப்பிடுங்க, அப்பாவுக்குக் காட்டணும்"னான். அதனால அவங்களுக்கு மட்டும் இப்ப ரெண்டும். போஸ்ட் ஆபீஸ்ல சில நேரம் கார்டு கையிருப்பு இருக்காது, கிடைக்கும்போது நூறு நூத்தம்பதா வாங்கி வச்சுக்கிறேன், நூறு கார்டு 50 ரூபா.

துறைமுகத்து அம்மாவோட தராசை 2019லேருந்து வேற ஒருத்தர்தான் பாக்குறாரு. மார்ச் கடைசியில அவங்களுக்கும் ஒரு கார்டு எழுதறேன், சத்தமாப் படிச்சாலும் கேக்க நல்லா இருக்கிற மாதிரி. தராசு, முத்திரை எதுவும் இருக்காது. போன வருஷம் எழுதினது, "நலம். பேத்தி பத்தாவதுல நல்ல மார்க் எடுத்ததா ஐஸ் வண்டிக்கார அண்ணன் சொன்னாரு. அப்பா இருந்தா நேர்ல வந்து வாழ்த்தியிருப்பாரு." இதுவரைக்கும் அஞ்சு கார்டு போயிருக்கு. பதில் எதுவும் வரல. மொதக் கார்டு மாதிரி எதுவும் திரும்பியும் வரல.